இந்த உரிமமும் அந்த உரிமமும் சேருமா?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: நாலு இடத்திலிருந்து நிரலை எடுத்துச் சேர்க்கிறோம், அந்த நாலு உரிமங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் எம்ஐடி உரிமத்தில் இருக்கும் நிரல் கொஞ்சம், அப்பாச்சி 2.0 லைப்ரரி ஒன்று, ஜிபிஎல் 2-இல் இருக்கும் நிரல் கொஞ்சம் என்று சேர்த்திருக்கிறேன். மூன்றுமே ஓப்பன் சோர்ஸ், மூன்றுமே இலவசம். ஆனால் சீனியர் அண்ணா ஒருவர், "இதை அப்படியே கிட்ஹப்பில் போடாதே, தப்பு" என்கிறார். அவர் சொல்வது சரியா சார்?
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பெரும்பாலும் சரிதான் அம்மா. 'மூன்றும் இலவசம்தானே' என்று ஆரம்பித்தால் இந்தக் கணக்கு சரியாக வராது. எழுதியவர் காசு கேட்கவில்லை, ஆனால் நிபந்தனை வைத்திருக்கிறார். சேர்த்த நிரலை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, உள்ளே இருக்கும் எல்லா உரிமங்களின் நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சேரும். ஒன்றை நிறைவேற்றப் போய் இன்னொன்றை மீற வேண்டி வந்தால் சேராது.

எம்ஐடி கேட்பது ரொம்பக் குறைவு. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் கூடவே வைத்திருங்கள், அவ்வளவுதான். அதனால் அது கிட்டத்தட்ட எதனோடும் சேரும். 1991-இல் வந்த ஜிபிஎல் 2 கேட்பது அதிகம். சேர்த்து உருவாக்கிய முழு நிரலும் ஜிபிஎல் 2-இன் கீழேயே வெளியே போக வேண்டும்; அதோடு, பெறுபவர் மேல் ஜிபிஎல்லில் இல்லாத எந்தக் கூடுதல் கட்டுப்பாட்டையும் நீங்கள் சுமத்தக் கூடாது என்று அதன் 6-ஆவது பிரிவு சொல்கிறது. பாதிச் சிக்கல் இந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் 2004-இல் வந்த அப்பாச்சி 2.0-இல் பேட்டன்ட் பற்றி ஒரு பிரிவு உண்டு: இந்த மென்பொருள் என் பேட்டன்ட்டை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால், அதற்காக உங்களுக்குக் கிடைத்திருந்த பேட்டன்ட் அனுமதி ரத்தாகிவிடும். எழுதியவர்களைக் காப்பாற்றுகிற நல்ல பிரிவு அது, ஆனால் ஜிபிஎல் 2-இல் அப்படி எதுவும் இல்லாததால் அதுவே 'கூடுதல் கட்டுப்பாடு' ஆகிவிடுகிறது. ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் (எஃப்எஸ்எஃப்) கருத்து இதுதான்: அப்பாச்சி 2.0-உம் ஜிபிஎல் 2-உம் சேராது.

2007 ஜூனில் ஜிபிஎல் 3 வந்தபோது இந்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டார்கள். அப்பாச்சி நிரலை ஜிபிஎல் 3 ப்ராஜெக்ட்டுக்குள் கொண்டுவரலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. ஜிபிஎல் 3 நிரலை எடுத்துக்கொண்டு போய் அப்பாச்சி ப்ராஜெக்ட்டில் வைத்து, மொத்தமும் அப்பாச்சி உரிமம் என்று சொல்ல முடியாது. 'இது அதோடு சேருமா' என்று கேட்கும்போதெல்லாம், சேர்த்ததை எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: அந்த ஜிபிஎல் நிரலின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, மேலே இருக்கும் கமென்ட்டைப் படியுங்கள். கூட வரும் உரிமக் கோப்பை மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் அதில் இருப்பது ஜிபிஎல் 2-இன் முழு வாசகம், அது எல்லாருக்கும் ஒன்றுதான். கோப்பின் தலைப்பில் 'உரிமத்தின் 2-ஆம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கவலையே இல்லை. நீங்கள் 3-ஆம் பதிப்பைத் தேர்ந்தெடுத்து மொத்தத்தையும் ஜிபிஎல் 3-இல் வெளியிடலாம், அப்பாச்சி லைப்ரரியும் உள்ளே இருக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் போல '2 மட்டும்' என்று இருந்தால்தான் சிக்கல். புதிய கோப்புகளில் இதையே எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது உரிமக் குறியீடாக ஒரே வரியில் போட்டிருப்பார்கள்: 'ஜிபிஎல்-2.0-ஒன்லி' அல்லது 'ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்'. அந்தக் கடைசிச் சொல்தான் உங்கள் ப்ராஜெக்ட்டின் தலையெழுத்து.

'2 மட்டும்' என்றே இருந்துவிட்டால், அப்பாச்சி லைப்ரரிக்கு மாற்று தேடுங்கள். ரஸ்ட் மொழியில் எழுதுகிறவர்கள் 'எம்ஐடி அல்லது அப்பாச்சி, உங்களுக்கு எது வசதியோ' என்று இரட்டை உரிமம் கொடுப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட லைப்ரரி என்றால் எம்ஐடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஜிபிஎல் 2-க்குள் கொண்டுவந்துவிடலாம்.

அப்புறம், உங்கள் லேப்டாப்பில் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. இந்த நிபந்தனைகள் வேலை செய்யத் தொடங்குவது இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான். கிட்ஹப்பில் பொதுவில் வைப்பது கொடுப்பதுதான்.

உபுண்டு லினக்ஸில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் நேராகவே கிடைக்கிறது. டெபியன் லினக்ஸில் அதையே சோர்ஸாகக் கொடுத்து நம் மெஷினிலேயே கம்பைல் பண்ண வைக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பல வருஷமாக உள்ளேயே இருக்கிறது. ஒரே நிரல், மூன்று விதமான நடத்தை. ஏன்?
– சர்வர் நிர்வாகி, சென்னை

உரிமங்கள் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-இல் சோலாரிஸ் இயங்குதளத்தைத் திறந்துவிட்டபோது சிடிடிஎல் என்ற உரிமத்தைப் பயன்படுத்தியது. இசட்எஃப்எஸ் அதன் கீழ்தான் வந்தது. சிடிடிஎல் சொல்வது: இந்தக் கோப்புகள், நீங்கள் மாற்றினாலும், சிடிடிஎல்லிலேயே இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் 2 சொல்வது: என்னோடு சேர்ந்து ஒரே படைப்பாக ஆவது எல்லாம் ஜிபிஎல் 2-இலேயே இருக்க வேண்டும். இரண்டுமே ஓப்பன் சோர்ஸ், இரண்டுமே 'திருத்தினால் திருத்தத்தையும் திறந்து வை' என்று கேட்கிற உரிமங்கள். ஆனால் ஒரே கோப்பு ஒரே நேரத்தில் சிடிடிஎல்லில் மட்டுமாகவும் ஜிபிஎல் 2-இல் மட்டுமாகவும் இருக்க முடியாது அல்லவா? அங்கேதான் முட்டுகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஸ்டி உரிமம் பக்கத்தில் இருக்கும் நிரல் எந்த உரிமத்தில் இருக்க வேண்டும் என்று எதுவும் கேட்பதில்லை, அதனால் அங்கே இசட்எஃப்எஸ் 2008-இலிருந்தே சிக்கலில்லாமல் இருக்கிறது.

உபுண்டு 2016-இல் 16.04 பதிப்போடு இசட்எஃப்எஸ்ஸைக் கம்பைல் செய்த கெர்னல் மாட்யூலாகவே கொடுக்க ஆரம்பித்தது. மாட்யூல் தனி, கெர்னல் தனி, எனவே மீறல் இல்லை என்பது அவர்கள் வாதம். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு அதே வருஷம் பிப்ரவரியிலேயே, இது ஜிபிஎல் மீறல்தான் என்று வெளிப்படையாகச் சொன்னது. டெபியன் நடுவழியை எடுத்தது: சோர்ஸை மட்டும் கொடுக்கிறோம், சேர்ப்பது உங்கள் மெஷினில் நடக்கட்டும். சேர்த்ததை நீங்கள் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்பதால் ஜிபிஎல் அங்கே குறுக்கே வராது. 2020 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஆரக்கிள் நிறுவனத்தின் தலைமைச் சட்ட ஆலோசகரோ அதன் நிறுவனர் லாரி எலிசனோ கையெழுத்திட்ட கடிதம் வராமல் அதைக் கெர்னலில் சேர்க்க மாட்டேன் என்று எழுதினார். சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டதால் பழைய நிரலின் பதிப்புரிமை அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அதன் பிறகு அதன் தொடர்ச்சியான ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸில் வெளியாட்கள் நிறைய எழுதிவிட்டார்கள், ஆரக்கிள் மனது வைத்தாலும் அது மட்டும் போதாது.

நீங்கள் உங்கள் சர்வரில் ஓட்டுவதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. இசட்எஃப்எஸ் மாட்யூலோடு ஒரு பெட்டி செய்து, வாடிக்கையாளருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் வக்கீலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நாங்கள் சின்ன கம்பெனி. வீடியோ வெட்டி ஒட்டும் டெஸ்க்டாப் ஆப் ஒன்றை விற்கிறோம், சோர்ஸ் கொடுப்பதில்லை. உள்ளே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ லைப்ரரி இருக்கிறது. அது எல்ஜிபிஎல்தானே, பிரச்சினை இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். சரியா?
– மென்பொருள் நிறுவனம் நடத்துபவர், கோவை

எந்த பில்ட் என்று பார்க்காமல் நம்பாதீர்கள். எஃப்எஃப்எம்பெக்குக்கு ஒரே உரிமம் என்று சொல்ல முடியாது. எப்படிக் கம்பைல் செய்கிறோமோ அப்படி அது மாறும்.

அடிப்படையில் அது எல்ஜிபிஎல் 2.1 அல்லது அதற்குப் பிந்தையது; சோர்ஸ் கொடுக்காத ஆப்பும் சில நிபந்தனைகளோடு லைப்ரரியைப் பயன்படுத்த விடுகிற, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம் அது. எச்264 வடிவத்தில் வீடியோ எழுதும் எக்ஸ்264 லைப்ரரி வேண்டுமென்றால், அது ஜிபிஎல் என்பதால், 'எனேபிள் ஜிபிஎல்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த கணத்தில் மொத்த எஃப்எஃப்எம்பெக்கும் ஜிபிஎல் ஆகிவிடும். ஏஎம்ஆர் ஒலிக்கான ஓப்பன்கோர் லைப்ரரி அப்பாச்சி 2.0-இல் இருக்கிறது, அதைச் சேர்க்கப் பார்த்தால், 'இது பதிப்பு 3 வகை, எனேபிள் வெர்ஷன்3 கொடுக்கவில்லை' என்று கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மாணவிக்கு மேலே சொன்ன அதே அப்பாச்சி–ஜிபிஎல் 2 விவகாரம், இங்கே ஒரு எரர் மெசேஜாக வருகிறது. ஏஏசி ஒலிக்கான எஃப்டிகே ஏஏசி லைப்ரரி இன்னும் மோசம். அதன் உரிமம் ஜிபிஎல்லோடு சேராது, எனவே எக்ஸ்264-ஐயும் அதையும் ஒன்றாகக் கேட்டால் 'எனேபிள் நான்ஃப்ரீ' கேட்கும். அதையும் கொடுத்தால் பில்ட் ஆகும், ஓடும், ஆனால் கடைசியில் உரிமம் என்ற இடத்தில் 'கட்டற்றதல்ல, மறுவிநியோகம் செய்ய முடியாது' என்று எழுதிவிடும். அதை யாருக்கும் கொடுக்க உங்களுக்கு உரிமையே கிடையாது, சோர்ஸோடு கொடுத்தாலும் கூடாது. உரிமப் பொருத்தத்தை இவ்வளவு நேர்மையாகப் பில்ட் அமைப்புக்குள்ளேயே எழுதி வைத்த ப்ராஜெக்ட்டுகள் குறைவு. அந்த மனிதர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போதே உங்கள் ஆப் கூடப் போகும் எஃப்எஃப்எம்பெக்கை டெர்மினலில் 'மைனஸ் எல்' என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். தன் உரிமத்தைத் தானே சொல்லும். விண்டோஸுக்கு நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் பில்டுகளில் பல ஜிபிஎல் பில்டுகள்தான், ஏனென்றால் எல்லாருக்கும் எக்ஸ்264 வேண்டும். ஜிபிஎல் பில்டின் லைப்ரரியை உங்கள் ஆப்போடு லிங்க் செய்திருந்தால் உங்கள் ஆப்பின் சோர்ஸையும் ஜிபிஎல்லில் கொடுக்க வேண்டிவரும்.

எல்ஜிபிஎல் பில்டை நீங்களே செய்துகொள்ளுங்கள். டைனமிக் லிங்க்காக, தனி டிஎல்எல் கோப்புகளாக வையுங்கள். நீங்கள் கம்பைல் செய்த அதே எஃப்எஃப்எம்பெக் சோர்ஸையும், கொடுத்த கான்ஃபிகர் வரியையும் உங்கள் தளத்தில் பதிவிறக்கத்துக்கு வையுங்கள். உங்கள் பயனர் ஒப்பந்தத்தில் 'ரிவர்ஸ் எஞ்சினியரிங் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் திருத்துங்கள், எல்ஜிபிஎல் 2.1-இன் 6-ஆவது பிரிவு அதற்கு நேர் எதிர். எச்264 எழுத எக்ஸ்264 இல்லாமல் முடியாதா என்றால், சிஸ்கோவின் ஓப்பன்எச்264 பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது, இல்லாவிட்டால் எக்ஸ்264-க்கே காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். எச்264 பேட்டன்ட் விவகாரம் இதிலிருந்து தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கை லிங்க் செய்யாமல், தனி புரோகிராமாக வைத்துக் கமாண்ட் லைன் மூலம் கூப்பிட்டால் என்ன? அவை பொதுவாக இரண்டு தனி புரோகிராம்கள் என்பதே எஃப்எஸ்எஃப் விளக்கம். உங்கள் ஆப் தப்பித்துவிடும், ஆனால் கூடவே கொடுக்கும் எஃப்எஃப்எம்பெக்கின் சோர்ஸைக் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கும்.

பைதானில் பில்லிங் மென்பொருள் எழுதி நாலு கடைகளுக்கு விற்றிருக்கிறேன். திரையில் ஜன்னல், பட்டன் அமைக்க பைகியூட் லைப்ரரியைப் பயன்படுத்தினேன். இதனால் சோர்ஸ் கொடுக்க வேண்டுமாமே?
– தனியாகத் தொழில் செய்யும் டெவலப்பர், மதுரை

ஆமாம். பைகியூட் ஜிபிஎல் 3-இல் இருக்கிறது, இல்லையென்றால் காசு கொடுத்து வணிக உரிமம். விற்பது தப்பே இல்லை, ஜிபிஎல் மென்பொருளைத் தாராளமாக விற்கலாம். வாங்கியவர் சோர்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டும், அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் தடுக்கக் கூடாது. நாலு கடைக்காரர்களுக்கு மட்டும் சோர்ஸ் கொடுப்பதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

சங்கடம் என்றால் பைசைடு 6-க்கு மாறுங்கள். அது கியூட் லைப்ரரியைப் பைதானிலிருந்து கூப்பிட கியூட் நிறுவனமே தரும் பைண்டிங், எல்ஜிபிஎல் 3-இல் கிடைக்கும். கிளாஸ் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுதான், மாற்றுவது பெரிய வேலை இல்லை. பைதான் ஆப்பைப் பேக் செய்யும் பைஇன்ஸ்டாலரும் ஜிபிஎல்தானே என்று பயப்பட வேண்டாம், அதனால் பேக் செய்யும் ஆப்புக்கு அந்த உரிமம் ஒட்டாது என்று விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் பேக் செய்யாமல் ஃபோல்டராகவே கொடுங்கள். பயனர் தன் கியூட் பதிப்பை மாற்றிப் போட வழி இருக்க வேண்டும் என்பது எல்ஜிபிஎல்லின் எதிர்பார்ப்பு, ஃபோல்டராக இருந்தால் அது தானாக நிறைவேறிவிடும்.

எங்கள் சேவை முழுக்க சர்வரில்தான் ஓடுகிறது. யாருக்கும் மென்பொருளைக் கொடுப்பதே இல்லை. அப்படியென்றால் எந்த உரிமத்தை வேண்டுமானாலும் கலக்கலாமா?
– பெங்களூரில் வேலை செய்யும் வாசகர்

ஜிபிஎல் வரைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். சேர்த்து உங்கள் சர்வரிலேயே ஓட்டினால் அது விநியோகம் ஆகாது. ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்று, பிரவுசருக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்ட். அது பயனரின் கம்ப்யூட்டருக்கு நகலாகப் போகிறது, எனவே அது விநியோகம். சர்வர் பக்க நிரலை மட்டும் அலசி, முன்பக்க பண்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடும் குழுக்கள் நிறைய.

இன்னொன்று ஏஜிபிஎல். 2007 நவம்பரில் இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே வந்தது. ஏஜிபிஎல் நிரலை மாற்றி நெட்வொர்க் வழியாகப் பயனர்களுக்கு ஓட்டினால், அவர்களுக்குச் சோர்ஸ் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது அதன் 13-ஆவது பிரிவு. ஜிபிஎல் 3 நிரலோடு ஏஜிபிஎல் 3 நிரலைச் சேர்க்க இரண்டு உரிமங்களுமே வெளிப்படையாக அனுமதிக்கின்றன. 'ஜிபிஎல் 2 மட்டும்' நிரலோடு சேர்த்து வெளியே கொடுக்க முடியாது.

லைப்ரரியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பதிப்பு எண்ணையும் பாருங்கள். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச் வரை பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. பிறகு அதைவிட்டு, ஓப்பன் சோர்ஸ் என்று ஏற்கப்படாத இரண்டு உரிமங்களுக்குப் போனது, அந்தக் கோபத்தில்தான் பழைய பிஎஸ்டி நிரலிலிருந்து வால்கீ பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8-இல் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். ஒரே பெயர், பதிப்புக்குப் பதிப்பு வேறு உரிமம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வி-பதில் தளத்திலிருந்து பத்து வரி எடுத்துப் போட்டால் அதற்கும் உரிமம் உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. அங்கே எழுதுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் வருகிறது: பெயர் சொல்ல வேண்டும், மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். எந்தப் பதிப்பு என்பது எழுதிய தேதியைப் பொறுத்தது. 2018 மே மாதத்துக்குப் பிறகு எழுதியது 4.0. இந்த 4.0-ஐ ஜிபிஎல் 3-க்குள் ஒருவழியாகக் கொண்டுவரலாம் என்று 2015 அக்டோபரில் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்தது, எம்ஐடி ப்ராஜெக்ட்டுக்குள் அப்படிக் கொண்டுவர முடியாது. யார் எழுதினாலும் அப்படித்தான் வரும் என்கிற ஒன்றிரண்டு வரிகளுக்குப் பதிப்புரிமை நிற்காது. அதற்கு மேல் என்றால் படித்துப் புரிந்துகொண்டு, டேபை மூடிவிட்டு, நீங்களே எழுதுங்கள். நிரலும் நன்றாக வரும்.

எம்ஐடி உரிமத்தின் அடியில் 'ஆயுதத் தயாரிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்க ஆசைப்படுகிறேன். நல்ல எண்ணம்தானே?
– ஆராய்ச்சி மாணவர், யாழ்ப்பாணம்

எண்ணத்தை மதிக்கிறேன் தம்பி. அதன் விளைவையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். டக்ளஸ் க்ராக்ஃபோர்டு என்ற நிரலாளர், ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கான தன் நிரலுக்கு எம்ஐடி வாசகத்தோடு 'இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எது நன்மை, எது தீமை என்று எந்தச் சட்டத்துறையாலும் சொல்ல முடியவில்லை. ஜிபிஎல்லுக்கு அது கூடுதல் கட்டுப்பாடு, ஆகவே சேராது. டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளை 2016-இல் தன் ப்ராஜெக்ட்டுகளில் அதைப் பயன்படுத்தத் தடை போட்டது. ஒரே ஒரு வரிக்காக உலகம் முழுக்கப் பலர் அந்தச் சின்ன லைப்ரரியை எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டியிருந்தது. 2022-இல் ஜாவா ஜேசன் லைப்ரரியைப் பப்ளிக் டொமைனாக்கி அந்த வரியை விட்டார்கள்.

அந்த வரியைச் சேர்த்தால் உங்கள் நிரலை நல்லவர்களும் தங்கள் ஜிபிஎல் ப்ராஜெக்ட்டில் சேர்க்க முடியாமல் போகும். உங்கள் நிலைப்பாட்டை ரீட்மி கோப்பில் எழுதுங்கள், உரிமத்தைத் தொடாதீர்கள்.

எங்கள் ப்ராஜெக்ட் 'ஜிபிஎல் 2 மட்டும்'. இப்போது அப்பாச்சி லைப்ரரி தேவைப்படுகிறது. உரிமத்தை மாற்றிவிட்டால் போச்சு என்று பேசிக்கொள்கிறோம். நிரல் எழுதியவர்கள் நிறைய பேர், சிலர் தொடர்பிலேயே இல்லை.
– ஓப்பன் சோர்ஸ் குழு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர், புதுச்சேரி

மாற்றலாம், ஆனால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிய ஒவ்வொருவரும் தன் வரிகளுக்குப் பதிப்புரிமையாளர், ரெப்போவின் சொந்தக்காரர் என்பதால் மட்டும் நீங்கள் முடிவெடுக்க முடியாது. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆவது பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை முதலாளிக்குப் போகும். ஆபீஸ் மெயிலிலிருந்து பேட்ச் அனுப்பியவர் 'சரி' என்றால் மட்டும் போதாது, அவர் கம்பெனியும் சரி சொல்ல வேண்டியிருக்கும்.

முடியாத காரியம் இல்லை. விஎல்சி ப்ளேயரின் எஞ்சினை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, அதன் குழு 2011, 2012-இல் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கியது. சம்மதிக்காதவர்கள், கிடைக்காதவர்கள் எழுதிய பகுதிகளைத் திரும்ப எழுதலாம் அல்லது நீக்கலாம். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் கதை இன்னும் நீளம். அதன் பழைய உரிமத்தில், விளம்பரங்களில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதனால் ஜிபிஎல் புரோகிராம்கள் அதை லிங்க் செய்ய முடியாமல், 'ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மட்டும் விதிவிலக்கு' என்று ஒவ்வொருவரும் தங்கள் உரிமத்தில் தனி வரி சேர்த்தார்கள். 2017-இல் அவர்கள் பங்களித்தவர்களுக்கு மெயில் அனுப்பி, பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்றபோது கடும் எதிர்ப்பு வந்தது, அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். மௌனம் சம்மதம் என்பது பதிப்புரிமையில் செல்லாது. கடைசியில் 2021 செப்டம்பரில் 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0-இல் வெளிவந்தது. ஜிபிஎல் 3-க்கு வழி திறந்தது, 'ஜிபிஎல் 2 மட்டும்' ப்ராஜெக்ட்டுகளுக்கு இன்னும் விதிவிலக்கு தேவை.

உங்கள் விஷயத்திலும் முழு உரிம மாற்றம் வேண்டியதில்லை. 'இந்த லைப்ரரியோடு லிங்க் செய்து விநியோகிக்க அனுமதி' என்று ஒரு விதிவிலக்கு மட்டும் கேளுங்கள். அதற்கும் எல்லாருடைய சம்மதம் வேண்டும்தான், ஆனால் கேட்பது சின்னது என்பதால் தயங்காமல் சரி சொல்வார்கள். பதிலை மெயிலாக வாங்கி ரெப்போவிலேயே சேமியுங்கள்.

நடைமுறையில் யார் சார் வழக்குப் போடப் போகிறார்கள்?
– வாசகர், திருப்பூர்

செஸ் ஆடுகிறவர்களுக்கு ஸ்டாக்ஃபிஷ் தெரிந்திருக்கும். ஜிபிஎல் 3-இல் இருக்கும் எஞ்சின், உலகம் முழுக்கப் பலர் சம்பளமில்லாமல் எழுதியது. ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் அதை வைத்து உருவான எஞ்சின்களை விற்றபோது உரிம நிபந்தனைகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று சொல்லி, 2021 ஜூலையில் ஸ்டாக்ஃபிஷ் குழு அங்கே வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் சமரசம். ஒரு காலத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் உள்ள பொருள்களை விநியோகிக்கக் கூடாது, கட்டற்ற மென்பொருள் உரிமங்களைக் கவனிக்க நிறுவனத்தில் ஒரு பொறுப்பாளரை வைக்க வேண்டும் என்றெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்பே, லிங்க்சிஸ் ரௌட்டர் விவகாரத்தில் 2008-இல் எஃப்எஸ்எஃப் சிஸ்கோ மேல் வழக்குப் போட்டு, அடுத்த வருஷம் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

ஜிபிஎல் 2-ஐ மீறினால் 4-ஆவது பிரிவின்படி உங்கள் உரிமை உடனே போய்விடும். ஜிபிஎல் 3 கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல் முறை என்றால், நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பும். இந்த இரக்கம் நோட்டீஸைப் படித்துப் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் பயன்படும். வழக்கு வராது என்றே வைத்துக்கொண்டாலும், கம்பெனியை விற்கும்போதோ பெரிய வாடிக்கையாளர் பிடிக்கும்போதோ உரிமப் பட்டியல் கேட்பார்கள், அன்றைக்கு ஓடி ஓடிச் சேர்க்க முடியாது. சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவர் கேட்டது ரெண்டே ரெண்டு நிபந்தனை, அதை நிறைவேற்ற வழக்கு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

தமிழ் ஆப் ஒன்றில் லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து விற்கலாமா? ஆப் ஜிபிஎல்.
– வாசகி, சிங்கப்பூர்

தாராளமாக. இரண்டும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இருக்கின்றன. மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம், விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விலை போட்டு விற்கக் கூடாது. ஆப் ஜிபிஎல்லிலும் எழுத்துரு தன் உரிமத்திலுமாக, தனித்தனிக் கோப்புகளாக இருக்கட்டும். அதன் உரிமக் கோப்பைக் கூடவே வையுங்கள். எழுத்துருவில் ஏதாவது எழுத்தைத் திருத்தினால், திருத்தியதும் அதே உரிமத்தில்தான் போக வேண்டும். 'ஒதுக்கப்பட்ட பெயர்' என்று உரிமக் கோப்பின் தொடக்கத்தில் குறித்திருந்தால், திருத்தியதற்கு வேறு பெயர் வையுங்கள்.